மண்வெட்டியிலிருந்து காளைக்கு: தெற்கு சாம்பியாவில் ஓர் உழவுச் சோடியை உருவாக்கும் வழி

சாம்பியாவின் தெற்கு மாகாணத்தில் மசாபுகா, மொன்சே, சோமா வட்டாரங்களில் மழை நவம்பரில் இறங்கி மார்ச் கடைசியில் ஓய்ந்துவிடும். மக்காச்சோளத்துக்கு வருடத்தில் அந்த ஒரு பட்டம்தான். முதல் நல்ல மழைக்குப் பின் விதைப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் குறையும் என்பது அங்கே விவசாய அலுவலர்கள் சொல்லும் கணக்கு. சொந்த மாடு உள்ளவர் நவம்பரில் விதைக்கிறார். மாடு இல்லாதவர்களில் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் நிறையப் பேர். மாட்டுக்காரர் தன் நிலத்தை முடித்துவிட்டு வாடகைக்கு வரும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள். விதை மண்ணில் விழும்போது டிசம்பர் முடிந்துகொண்டிருக்கும்.

அந்தக் காத்திருப்பை ஒழிப்பதுதான் உழவு மாட்டின் முதல் பயன். அங்குள்ள விவசாயக் குழுக்களோடு முதன்முறையாக வேலை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். காளைகளை வாங்கிப் பழக்குவது பாதி வேலை. அவற்றின் கடினமான உழைப்பை நவம்பரிலிருந்து ஜூன், ஜூலைக்கு நகர்த்துவது மறு பாதி. இந்த இரண்டாவதைத்தான் பல திட்டங்கள் கோட்டை விடுகின்றன.

காளை உழவு இங்கே நூறாண்டு பழக்கம். 1905இல் சிக்குனியில் மிஷன் தொடங்கிய ஜெசூட் பாதிரியார் ஜோசப் மோரோ டோங்கா மக்களிடையே மாட்டுக் கலப்பையைக் கொண்டுவந்தார். ஆகவே புதிதாகப் போகிறவர் கற்றுக்கொடுக்க நிறைய இருக்கும் என்ற நினைப்போடு போக வேண்டாம். ஊரில் மாடு பழக்கத் தெரிந்த முதியவர் ஒருவராவது இருப்பார். முதலில் அவரைத் தேடிப் பிடியுங்கள்.

காளையா, கழுதையா

அளவு தெரிந்தால் முடிவு எளிது. ஒரு காளை தன் எடையில் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீத விசையோடு மணிக்கணக்கில் இழுக்கும். 350 கிலோ காளைகள் இரண்டு சேர்ந்தால் 70 முதல் 84 கிலோ வரை. ஈரமான மணல்கலந்த மண்ணில் சிறிய இரும்புக் கலப்பைக்கு அது போதும். களிமண்ணுக்குப் போதாது, நான்கு காளை வேண்டும். 250 கிலோ இளங்காளைகளைப் பூட்டிவிட்டு “சோம்பேறி மாடு” என்று அடிப்பவர்களைப் பார்ப்பீர்கள். அங்கே குறை மாட்டிடம் இல்லை, கணக்கில்தான்.

கழுதை 120லிருந்து 160 கிலோ இருக்கும். உடல் எடைக்கு ஒப்பிட்டால் காளையைவிட அதிகம் இழுக்கும், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம்தான். இரண்டு கழுதைகள் வண்டி இழுக்கும், களை எடுக்கும். பெரிய கலப்பைக்கு நான்கு வேண்டும். வறட்சியைக் காளையைவிட நன்றாகத் தாங்கும். மழையும் குளிரும் சேர்ந்தால் தாங்காது, ஒரு கூரை அவசியம். இதன் பெரிய பலம், உண்ணி பரப்பி மாடுகளைக் கொல்லும் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் கழுதைக்கு வராது. பெண்களும் சிறுவர்களும் எளிதாகக் கையாள முடிவதால், வீட்டில் ஆண் துணை இல்லாத குடும்பத்துக்கு நாங்கள் பெரும்பாலும் கழுதையையே சொல்வோம். தோல் வியாபாரத்துக்காகக் கழுதைகள் திருடப்படுவது ஆப்பிரிக்கா முழுக்கப் பெரிய தொல்லையாகி, 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதை வெட்டுவதைத் தடுக்க முடிவெடுத்தது. முடிவு எடுத்தாகிவிட்டது என்பதற்காக இரவில் பட்டியைத் திறந்து வைக்காதீர்கள்.

இனி வருவது பெரும்பாலும் காளைக்கு.

மாடு வாங்கும்போது

இரண்டரை முதல் மூன்று வயதுக்குள், ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நடை உள்ள இரண்டைத் தேடுங்கள். நெஞ்சு அகலம், குட்டையான தடித்த கால், நேரான முதுகு, கெட்டியான குளம்பு. ஒன்று வேகம் மற்றொன்று மந்தம் என்றால் நுகம் சாய்ந்து, வேகமான மாட்டின் கழுத்து முதல் வாரத்திலேயே புண்ணாகும். டோங்கா, பரோட்சே போன்ற அந்தப் பக்கத்து நாட்டு இனங்களே நல்லது. பெரிய உடம்புக்கு ஆசைப்பட்டு வெளியூர்க் கலப்பின மாட்டை உண்ணி மண்டலத்துக்குள் கொண்டுவந்தால் அடுத்த மழைக்காலத்தைக் காண்பது கடினம். காயடிப்பு பழக்கத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

காளை கிடைக்காவிட்டால் பசுவையும் பூட்டலாம். சினையின் கடைசி மூன்று மாதமும் கன்று ஈன்ற முதல் மூன்று மாதமும் விட்டுவிட வேண்டும், தீவனம் கூடுதலாக வேண்டும்.

நுகமும் சங்கிலியும்

தமிழ்நாட்டு ஏர் பழகியவருக்கு இங்கே முதலில் கண்ணில் படுவது ஏர்க்கால் இல்லாததுதான். நம் நாட்டுக் கலப்பையின் ஏர்க்கால் நேரே நுகத்தில் ஏறும். அங்கே நுகத்தின் நடுவிலுள்ள வளையத்திலிருந்து கலப்பையின் மூக்குவரை இரண்டரை, மூன்று மீட்டர் இரும்புச் சங்கிலி போகும். கலப்பை தனியாக மிதப்பதால் ஆழமும் அகலமும் சங்கிலி மாட்டும் இடத்தைப் பொறுத்தே அமையும்.

நுகம் கழுத்தின் மேல், திமிலுக்கு முன்னால் உட்காரும். ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு முளைக்குச்சிகள் நுகத்தைத் துளைத்துக் கீழே இறங்கும். கழுத்துக்கடியில் அவற்றைத் தோல்வாரோ கயிறோ இணைக்கும். வாருக்கும் தொண்டைக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் மூச்சு அடைக்கும், தளர்த்தினால் நுகம் முன்னும் பின்னும் ஆடித் தோலை உரிக்கும். கழுத்தில் படும் பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கிப் பழைய எண்ணெய் தடவுங்கள். கணு, விரிசல், துருத்திய ஆணி எதுவும் கூடாது.

ஒரே நுகம் எல்லா வேலைக்கும் ஆகாது. உழவுக்குக் கழுத்துக்குக் கழுத்து 90 சென்டிமீட்டர் இடைவெளி போதும், ஒரு காளை பழைய சாலிலும் (கலப்பை முன்பு கிழித்த பள்ளத்திலும்) மற்றது உழாத தரையிலும் நடக்கும். வரிசைப் பயிரில் களை எடுக்கவும் கோடு கிழிக்கவும், வரிசை இடைவெளியின் இரு மடங்கு வேண்டும். வரிசை 90 சென்டிமீட்டர் என்றால் நுகம் 180. இப்படி இருந்தால் ஒரு காளையை முந்தைய கோட்டின் மேல் நடக்க வைத்தாலே அடுத்த கோடு தானாக 90 சென்டிமீட்டர் தள்ளி விழும். அளவுக்கயிறு முதல் கோட்டுக்கு மட்டும் போதும்.

கழுதைக்கு இந்த நுகத்தை வைக்கவே கூடாது. அதற்குத் திமில் கிடையாது, நுகம் தொண்டையை நெரிக்கும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள நெஞ்சுப் பட்டை வேண்டும். தைத்த கித்தானோ மிருதுவான தோலோ நல்லது. கம்பியும் மெல்லிய கயிறும் சதையை அறுத்துவிடும்.

பழக்குதல்

நான்கிலிருந்து ஆறு வாரம் ஒதுக்குங்கள். அறுவடை முடிந்த மே, ஜூன் சரியான காலம். மாடு கொழுத்திருக்கும், ஆட்களுக்கும் ஓய்வு.

முதல் வாரம் கொம்பில் கயிறு கட்டி நடத்துவதும் தடவிக் கொடுப்பதும் மட்டும். ஒவ்வொரு காளைக்கும் ஒரு பெயர் வைத்து அதையே சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் வெறும் நுகம். இன்றைக்கு இடப்பக்கம் நிற்பது வாழ்நாள் முழுக்க இடப்பக்கமே. பழகிய காளை ஒன்று ஊரில் இருந்தால் அதோடு சேர்த்துப் பூட்டுங்கள், வேலை பாதியாகும். மூன்றாம் வாரம் சங்கிலியில் ஒரு சிறிய மரக்கட்டை. நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கட்டை சத்தத்துக்கு மிரளாமல் நேர்கோட்டில் நடக்கத் தொடங்கிய பிறகே கலப்பை. மாடு படுத்துக்கொண்டால் அடிக்காமல் பாரத்தைக் கழற்றி, எழுந்ததும் நாலு அடி நடக்க வைத்து, அத்தோடு அன்றைய பாடத்தை முடியுங்கள். படுத்த இடத்தில் அவிழ்த்து விட்டால் படுத்தால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும்.

நடக்க, நிற்க, இடம், வலம், பின்வாங்க என ஐந்து ஏவல் போதும். வீட்டில் எல்லோரும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும். அரைகுறையாகப் பழகிய சோடிக்கு முன்னால் கயிறு பிடித்து நடக்க ஒரு பையன் வேண்டும், அவன் நவம்பர், டிசம்பரில் பள்ளிக்கூடம் போகமாட்டான். முழுதாகப் பழகிய சோடியை ஒரே ஆள் பின்னாலிருந்து ஓட்டலாம். அந்தக் கூடுதல் இரண்டு வாரப் பயிற்சிக்கு நாங்கள் விடாப்பிடியாக நிற்பது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

கலப்பையைச் சரிசெய்வது

மண்ணைப் புரட்டும் ஒற்றை இரும்புக் கலப்பைதான் எங்கும். ஜிம்பாப்வேயின் புலவாயோவில் தயாராகும் ‘மீலி பிராண்ட்’ பரவலாகத் தெரிந்த பெயர். எந்தக் கலப்பையாக இருந்தாலும், மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனையான கொழுவும் போல்ட்டும் பக்கத்துச் சந்தையில் கிடைக்குமா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

கலப்பை மூக்கில் பல துளைகளோ பற்களோ உள்ள ஓர் இரும்புத் தகடு இருக்கும். சங்கிலியை அதில் மேலே மாட்டினால் கலப்பை ஆழமாகப் போகும், கீழே மாட்டினால் மேலோட்டமாக. உழுத பக்கம் நகர்த்தினால் சால் அகலமாகும், உழாத பக்கம் நகர்த்தினால் குறுகும். சங்கிலி ரொம்பக் குட்டையாக இருந்தால் காளைகள் கலப்பையை மேலே தூக்கிக்கொண்டே போகும். சரியாக அமைந்த கலப்பையை இரண்டு விரலால் பிடித்து நடக்கலாம். மேழியை உடம்பால் அழுத்திக்கொண்டு வியர்வை வழிய நடக்கிற ஒருவரைப் பார்த்தால் அவரை நிறுத்தித் தகட்டைப் பாருங்கள், பிறகு கொழுவைப் பாருங்கள். கொழு மழுங்கியிருந்தால் எந்த அமைப்பும் உதவாது, மாட்டுக்கு வீண் பாரம். முன்சக்கரம் தரையை லேசாகத் தொட்டு உருள வேண்டும். அதன் புஷ் (அச்சைச் சுற்றியுள்ள உள்வளையம்) தேய்ந்து சக்கரம் சாய்ந்தால் ஆழம் அடிக்கு அடி மாறும்.

ஜூனில் கோடு கிழிப்பது

செப்டம்பர், அக்டோபரில் புல் காய்ந்து மாடு எலும்பும் தோலுமாக நிற்கும். அந்த நிலையில் மழை இறங்கிய மறுநாள் முழு நிலத்தையும் உழச் சொல்கிறோம். 20 சென்டிமீட்டர் அகலச் சாலாக ஒரு ஹெக்டேரைப் புரட்ட, காளைகள் 50 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான்கைந்து காலைப்பொழுதுகள் போய்விடும், சில இடங்களில் அதற்கும் மேல்.

உளிக் கலப்பை இந்தக் கணக்கை மாற்றுகிறது. அங்கே எல்லோரும் சொல்வது ‘மகோயே ரிப்பர்’. மசாபுகாவுக்குப் பக்கத்திலுள்ள மகோயேயின் பெயர். சாதாரணக் கலப்பையின் சட்டத்திலேயே, உடற்பகுதியைக் கழற்றிவிட்டு இந்த உளியைப் போல்ட் போட்டு மாட்டலாம். அது மண்ணைப் புரட்டாமல் 90 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகக் கிழித்துக்கொண்டு போகும். ஒரு ஹெக்டேருக்கு 11 கிலோமீட்டர் நடை, ஒன்றிரண்டு காலைகளில் முடியும். வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுததால் 10, 15 சென்டிமீட்டருக்குக் கீழே இறுகிப்போன தட்டும் உடையும். முதல் மழை கோட்டுக்குள் இறங்கிச் சேரும். 1990களின் நடுவில் சாம்பியா தேசிய விவசாயிகள் சங்கத்தின் கீழ் உருவான கன்சர்வேஷன் ஃபார்மிங் யூனிட் (பாதுகாப்பு வேளாண்மைப் பிரிவு) இந்த முறையைப் பரவலாக்கியது.

செய்முறை இப்படி. அறுவடை முடிந்த கையோடு, மண்ணில் மிச்ச ஈரம் இருக்கும்போதே தொடங்குங்கள். தட்டையை எரிக்க வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே முதல் கோட்டைக் கயிறு பிடித்துப் போடுங்கள். காலை ஐந்தரைக்குப் பூட்டிப் பத்து மணிக்குள் அவிழ்த்துவிடுங்கள். இலக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். ஒரு குச்சியில் அடையாளம் வைத்துப் பத்து அடிக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள், கண்ணளவு ஏமாற்றும். முதல் ஓட்டத்தில் பத்துதான் போகிறதா, அப்படியே விடுங்கள். அதே கோட்டில் இரண்டாம் முறை ஓட்டினால் மீதி இறங்கும். ஒரே ஓட்டத்தில் அழுத்தப் பார்த்தால் உளி முனை மடங்கும், மாடு மறுநாள் நுகத்துக்கு வராது. ஆகஸ்டுக்குள் முடிக்கப் பாருங்கள். அதற்குப் பின் களிமண் கல்லாகிவிடும்.

அக்டோபரில் கோட்டுக்குள் பட்டி எருவைப் போடுங்கள். நவம்பர் நடுவில் மண் நன்றாக நனைந்த மறுநாள், 25 சென்டிமீட்டருக்கு ஒரு விதை. ஹெக்டேருக்கு 44,000 செடிக்குக் கொஞ்சம் மேலே வரும். அடுத்த வருடமும் அதே கோட்டில்தான் கிழிக்க வேண்டும். இடம் மாற்றினால் சேர்ந்த எருவும் இளகிய மண்ணும் வீண்.

மாடே இல்லாதவர்களும் இதே நாட்காட்டியில் சேரலாம். கோடையில் மண்வெட்டியால் 90க்கு 70 சென்டிமீட்டரில் குழி தோண்டி வைப்பார்கள், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 16,000 குழி. கடுமையான வேலைதான், ஆனால் மாதக்கணக்கில் பரப்பிச் செய்யலாம், டிசம்பர்வரை யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

களை

கோடு கிழிப்பு தோற்றுப்போகும் இடம் இதுதான். மண்ணைப் புரட்டாததால் களை புதையாமல் பயிரோடு சேர்ந்து எழும். முளைத்த மூன்று வாரத்துக்குள் முதல் களை எடுக்காவிட்டால் உழுதவர் உங்களைவிட நன்றாக அறுப்பார். கையால் களை எடுப்பது பெண்கள் தலையில் விழுகிற வேலை. ஆணின் உழவைக் குறைத்துப் பெண்ணின் களையெடுப்பை இரட்டிப்பாக்கினால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை எதுவும் மேம்படவில்லை. ஆகவே ரிப்பர் வாங்கும்போதே ஐந்து பல் களைக்கருவியையும் 180 சென்டிமீட்டர் நுகத்தையும் சேர்த்து வாங்க வேண்டும், தனித்தனியாக வாங்க விடாதீர்கள். காளைக்கு வாய்க்கூடை கட்டுங்கள், இல்லாவிட்டால் இளம் சோளம் மிஞ்சாது. வரிசை பிசகாமல் விதைத்திருந்தால்தான் களைக்கருவி ஓடும்.

தீவனம், தண்ணீர்

350 கிலோ காளை நாளொன்றுக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ உலர் தீவனம் தின்னும், 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். நிலக்கடலைக் கொடியையும் தட்டைப்பயறுக் கொடியையும் பச்சை மாறாமல் நிழலில் உலர்த்தி, பரண் மேல் ஏற்றி வைத்து, செப்டம்பரிலிருந்து விதைப்பு முடியும்வரை உழவுக்காளைக்கு மட்டும் கொடுங்கள். அங்கே ‘முசாங்கு’ என்று சொல்லும் வேலமர இனம் ஒன்று உண்டு. மழையில் இலை உதிர்த்துக் கோடையில் தழைக்கும், பயிருக்கு நிழல் அடிக்காது. அதன் காய்கள் புல் இல்லாத மாதங்களில் உதிரும், அவையும் நல்ல தீவனம். நிலத்தில் அந்த மரம் இருந்தால் வெட்டாமல் காப்பாற்றுங்கள்.

தட்டையை மாட்டுக்குக் கொடுப்பதா, மண்ணுக்கு விடுவதா என்ற இழுபறி தீராதது. அறுவடைக்குப் பின் ஊர் மாடுகள் எல்லா நிலத்திலும் மேயும் வழக்கம் இருப்பதால், விட்டதும் உங்களுக்கு மிஞ்சாது. ஒரு பகுதியை வெட்டிப் பரணுக்கு எடுத்துவிட்டு மற்றதை விடுங்கள்.

உண்ணியும் ஈயும்

1990களில் இந்த மாகாணத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குப் பெரிய காரணம், பழுப்பு நிறக் காது உண்ணி பரப்பும் தைலேரியா நோய். கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் இதில் ஒரு வகை. மழைக்காலத்தில்தான் உச்சம். காதுக்குக் கீழும் தோள்பட்டைக்கு முன்னும் நெறி கட்டும், காய்ச்சல் ஏறும், தீனி எடுக்காது, பிறகு மூச்சிரைத்து மூக்கில் நுரை வரும். நுரை வந்தபின் மருந்து பெரும்பாலும் வீண். நெறி தெரிந்த அன்றே கால்நடை உதவியாளரிடம் போனால் பூபார்வகுவோன் ஊசி காப்பாற்றும். வருமுன் காக்க, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை உண்ணி மருந்துக் குளியலோ தெளிப்போ. காதுக்குள்ளும் வாலடியிலும் மருந்து படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தடுப்பு ஏற்பாடு உள்ள இடத்தில் கன்றுகளுக்கு அதையும் செய்துவிடுங்கள்.

சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம், கடித்து நோய் பரப்பும் செட்சி ஈ உள்ள ஊர்களில் மாடு நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும், கண்ணின் உட்தோல் வெளுக்கும். அங்கே உழவுக்காளை திட்டம் போடுவதற்கு முன் கால்நடைத் துறையைக் கேளுங்கள்.

கழுத்துப் புண் வந்தால் உப்புநீரில் கழுவி, ஆறும்வரை நுகம் வைக்காதீர்கள். மெத்தை கட்டிப் பூட்டுவது புண்ணை மறைக்கும், ஆற்றாது.

வண்டி

கலப்பை வருடத்தில் சில வாரம் ஓடும், வண்டி வருடம் முழுக்க. பழைய வாகன அச்சும் காற்றடைத்த டயரும் கொண்ட வண்டியில் ஒரு சோடி நல்ல பாதையில் ஏறத்தாழ ஒரு டன் இழுக்கும். தண்ணீர், விறகு, உரமூட்டை, பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் தலையிலிருந்தும் முதுகிலிருந்தும் வண்டிக்கு மாறும். வாங்கிய கடனும் பெரும்பாலும் வண்டி வாடகையில்தான் அடைகிறது. பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் ஏற்றுங்கள். பின்னால் ஏறினால் வண்டியின் ஏர்க்கால் மேலே தூக்கி மாட்டின் தொண்டையை இழுக்கும். பிரேக் இல்லாத வண்டியை மேட்டு நிலத்தில் விற்கவோ வாங்கவோ வேண்டாம்.

வாடகை உழவுக்கு அங்கே அளவு ‘லிமா’, 50 மீட்டருக்கு 50 மீட்டர், நான்கு லிமா ஒரு ஹெக்டேர். ஜூனில் கோடு கிழிக்க மாட்டுக்காரரிடம் ஓய்வு இருக்கும், பேரமும் படியும். மாடில்லாத பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ரிப்பரைச் சொந்தமாக வாங்கி, மாட்டை மட்டும் வாடகைக்கு அமர்த்துவது நல்ல ஏற்பாடு. கூலியை லிமா கணக்கில், ஆழம் அளந்தபின் என்று பேசிக்கொள்ளுங்கள்.

காளை ஆறேழு வருடம் உழைக்கும். கிழடாகி விழும்வரை வைத்திருக்காமல், உடம்பு இருக்கும்போதே விற்றால் இரண்டு இளங்காளை வாங்கும் பணம் கையில் வரும். இரண்டையும் ஒரே வருடத்தில் விற்காதீர்கள். ஒன்றை விற்று, மிச்சமிருக்கும் பழைய காளையோடு புதியதைப் பூட்டிப் பழக்கி, அடுத்த அறுவடைக்குப் பின் மற்றதை விற்க வேண்டும்.